முக்காலி இல்லாமல் எடுக்கும் சிலந்தி மேக்ரோ: கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மாந்தோப்பிலும் வேலியோரத்திலும் வீட்டுச் சுவரிலும் சிலந்திகளை மிக நெருக்கமாகப் படம்பிடிக்கும் நண்பர்கள், படம் சரியாக வராதபோது என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "லென்ஸை மாற்றிவிடலாமா?" படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தால், லென்ஸின் குறை என்று சொல்லத்தக்கது அரிதாகவே இருக்கும், கோளாறு வெளிச்சத்தில் இருக்கும், அல்லது இடக்கையில் இருக்கும். ஆகவே ஒவ்வோர் அறிகுறியின் கீழும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும், பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டிய காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

இங்கே பேசப்படுவது ஒரு மடங்கு முதல் ஐந்து மடங்கு வரையிலான உருப்பெருக்கம்; ஒரு மடங்கு என்றால், கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் சிலந்தி தன் உண்மையான அளவிலேயே விழுகிறது என்று பொருள். 55-250 சூம் லென்ஸின் முன்னால் மாட்டிய ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி, எக்ஸ்டென்ஷன் டியூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே மாட்டும் வெற்றுக் குழாய்) போட்ட 50 மி.மீ. லென்ஸ், இரண்டு மடங்கு வரை போகும் லாவோவா லென்ஸ், ஐந்து மடங்கு வரை போகும் கேனானின் எம்பி-இ 65 லென்ஸ் ஆகியவற்றில் எது கையில் இருந்தாலும் வழி ஒன்றுதான். கேமராவின் மேல் ஒரு ஃபிளாஷ் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். ஃபிளாஷ் இல்லாமல் இந்த அளவில் கையில் பிடித்து எடுக்க முயல்பவர்கள், லென்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் ஒரு ஃபிளாஷ் வாங்கிக்கொள்வது நல்லது.

எதையும் மாற்றுவதற்கு முன் படத்தைக் கணினியில் 100 விழுக்காட்டில் திறந்து, ஒரு மயிராவது ஓர் இலை நரம்பாவது கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று மூலைக்கு மூலை தேட வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்துசேர்ந்த படத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அது சுருக்கப்பட்ட படம்.

அறிகுறி 1: படத்தில் எங்குமே கூர்மை இல்லை

ஓரிடத்திலாவது கூர்மை தென்பட்டால் நேராக இரண்டாம் அறிகுறிக்குப் போகவும். எங்குமே இல்லை என்றால், முதலில் லென்ஸின் முன்கண்ணாடியையும் ரேனாக்ஸின் இரு பக்கங்களையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவும். குளிரூட்டிய காரில் ஒகேனக்கல் வரை வந்து, இறங்கியவுடன் கேமராவை வெளியே எடுத்தால், ஆற்றோரத்து ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியின் மேல் பனிபோல் படிந்துவிடும். அதைத் துணியால் துடைத்தால் மறுபடியும் படியும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியில் வைத்திருந்து, கண்ணாடி வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறப்பதே தீர்வு. அருவிக்கு அருகில் போனால் சாரலே லென்ஸின் மேல் விழும் என்பதால், சிலந்தி தேடுபவர்களுக்கு அந்தப் பக்கம் ஏற்ற இடமன்று.

கண்ணாடி சுத்தமாக இருந்தால், தூரத்தைப் பார்க்க வேண்டும். எம்பி-இ 65 ஐந்து மடங்கில் வைக்கப்பட்டிருக்கும்போது, லென்ஸின் முன்விளிம்பிலிருந்து சுமார் 4 செ.மீ. தொலைவில் இருப்பது மட்டுமே தெளிவாகத் தெரியும். ரேனாக்ஸ் டிசிஆர்-250-க்கு அது ஏறத்தாழ 12 செ.மீ. இந்தத் தூரத்தை விரல்களால் அளந்து பழகிக்கொள்ளாதவர்கள், சிலந்தியைத் தாண்டி இலையையோ, இலையைத் தாண்டி வெறும் காற்றையோ எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது லென்ஸில் ஒளி புகும் துளையின் அளவு. எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும். டியூப்பிலும் தனி மேக்ரோ லென்ஸிலும், நீங்கள் வைக்கும் எஃப் எண்ணை, உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டிவரும் எண்ணால் பெருக்கினால் கிடைப்பதே நடைமுறையில் இருக்கும் துளை. இரண்டு மடங்கில் எஃப் 16 வைத்தால் அது எஃப் 48 ஆகிவிடுகிறது. அந்த நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் பாகு பூசியதுபோல் மங்கலான படத்தையே தரும். ஒரு மடங்கில் எஃப் 11, இரண்டு மடங்கில் எஃப் 8, நான்கு மடங்குக்கு மேல் எஃப் 5.6 என்று வைத்துக்கொண்டு மறுபடி எடுத்துப் பார்க்கவும். கேமரா திரையில் மெய்யான துளையையே காட்டும் சில நிறுவனங்களின் கருவிகளில் இந்தக் கணக்கைச் செய்யத் தேவையில்லை. சூமின் முன் ரேனாக்ஸ் மட்டும் மாட்டியவர்களுக்கும் இந்தப் பெருக்கல் பொருந்தாது; அவர்கள் எஃப் 16 வரை தயங்காமல் போகலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மங்கல் போகவில்லை என்றால் மட்டுமே லென்ஸின் மேல் சந்தேகப்படலாம். ஏதாவதொரு ரூபாய்த் தாளை மேசையில் கண்ணாடித் துண்டின் கீழ்த் தட்டையாக வைத்து, கேமராவைப் புத்தக அடுக்கின் மேல் அசையாமல் கிடத்தி, பத்து விநாடி டைமரில் எடுக்கவும். தாளின் ஒரு பக்கம் மங்கலாக இருந்தால், கேமராவைச் சற்று முன்பின்னாக நகர்த்தி மேலும் சில படங்கள் எடுக்கவும். ஏதோ ஒரு தூரத்தில் அந்தப் பக்கம் தெளிந்துவிட்டால் கேமரா சாய்ந்திருந்தது என்று பொருள். எந்தத் தூரத்திலும் தெளியவில்லை என்றால் லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி இடம்பெயர்ந்திருக்கலாம். அதைப் பழுதுபார்ப்பவர்தான் கவனிக்க வேண்டும். வீட்டில் திருகாணியைக் கழற்றும் வேலை அன்று.

அறிகுறி 2: கால் கூர்மை, கண் மங்கல்

இதுவே மிகப் பரவலான முறையீடு. இதற்கு எந்தக் கருவியும் வாங்கத் தேவையில்லை. கிராப் சென்சாரில் (முழு அளவைவிடச் சிறிய சென்சார்), ஒரு மடங்கில் எஃப் 11-க்குக் கூர்மையாக விழும் பகுதியின் ஆழம் ஏறத்தாழ 0.9 மி.மீ.; இரண்டு மடங்கில் எஃப் 8-க்குக் கால் மி.மீ.; நான்கு மடங்கில் எஃப் 5.6-க்கு அது 0.1 மி.மீ.க்கும் குறைவு. வீட்டுச் சுவரில் திரியும் பெரிய தாவும் சிலந்தியின் உடல் சுமார் ஒரு செ.மீ. நீளம் இருக்கும் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், மூச்சு விடும் அசைவே கண்ணிலிருந்து காலுக்கு ஃபோகஸைத் தள்ளிவிடப் போதுமானது என்பது விளங்கும்.

முதலில் ஆட்டோ ஃபோகஸ் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும். உருப்பெருக்கத்தை முன்கூட்டியே முடிவுசெய்து வளையத்தை அங்கேயே விட்டுவிட்டு, உடலை முன்னும் பின்னுமாக மெல்லச் சாய்த்து, கண்ணின் பளபளப்பு திரையில் தெளியும் கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தால் ஃபோகஸோடு உருப்பெருக்கமும் மாறிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது இடக்கை. சிலந்தி இலையிலோ சிறு குச்சியிலோ இருந்தால், அந்த இலையின் காம்பை இடக்கையின் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக்கொண்டு, லென்ஸின் குழலை அதே கையின் அடிப்பகுதியின் மேல் தாங்கவைக்க வேண்டும். இப்போது கை நடுங்கினாலும் இலையும் லென்ஸும் சேர்ந்தே நடுங்கும். இடையிலுள்ள தூரம் மாறாது. ஆடி மாதக் காற்றில் கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தோப்புகளில் ஓர் இலையும் நிலையாக நிற்காது என்று சொல்பவர்களுக்கும் இதுவே விடை. சுவரில் உள்ள சிலந்திக்கு, சுண்டுவிரலைச் சுவரில் ஊன்றி அதன் மேல் லென்ஸை வைக்கலாம். இலையைப் பறிக்க வேண்டியதில்லை. அடியில் முட்டைப் பை இருக்கக்கூடும்.

கையும் நிலைத்துவிட்டது, ஆனாலும் முழு முகமும் தெளியவில்லை என்றால், கோணத்தை மாற்றவும். மாமரத்தில் முசுறு எறும்புகளின் நடுவே, எறும்பைப் போலவே வேடமிட்டுத் திரியும் தாவும் சிலந்தி ஒன்று உண்டு. அதன் ஆணுக்குத் தாடை தலைக்கு முன்னால் நெடுந்தூரம் நீண்டிருக்கும். அதை நேர்முகமாக இரண்டு மடங்கில் எடுத்தால் தாடையின் நுனியும் கண்ணும் ஒருசேரத் தெளியவே முடியாது. பக்கவாட்டில் வந்து, உடலின் நீளமும் சென்சாரும் இணையாக இருக்கும்படி நின்றால், அதே கருவி அதே துளையில் தாடை, கண், இடை ஆகிய மூன்றையும் தந்துவிடும். புளியமரப் பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும் இரட்டைவால் சிலந்திக்கு இது இன்னும் எளிது. அது தட்டையாகவே கிடப்பதால், மரத்துக்கு நேர்செங்குத்தாகக் கேமராவைப் பிடித்தால் போதும்.

நேர்முகப் படமே வேண்டும் என்பவர்கள், மெல்லச் சாய்ந்தபடி அடுத்தடுத்து எட்டுப் பத்துப் படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக அடுக்கலாம். அடுக்கிய படத்தில் கால் இரண்டாகத் தெரிந்தால் நடுவில் சிலந்தி அசைந்திருக்கிறது. அந்தப் படங்களை நீக்கிவிட்டு எஞ்சியவற்றை அடுக்கவும். சிலந்தி நின்று நிதானிக்கும் விடியற்காலைக்கு ஒதுக்க வேண்டிய முறை இது.

அறிகுறி 3: கூர்மையான உருவத்தோடு ஒட்டி மங்கலான இன்னோர் உருவம்

கைநடுக்கம் என்று பலரும் இதைத் தவறாக எண்ணுகிறார்கள். ஃபிளாஷ் ஒரு கூர்மையான படத்தையும், வெயில் ஒரு நடுங்கிய படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருக்கின்றன. சோதனை எளிது: எந்த அமைப்பையும் மாற்றாமல் ஃபிளாஷை மட்டும் அணைத்து அதே இடத்தில் ஒரு படம் எடுக்கவும். முழுக் கருப்பாக வந்தால் வெயிலுக்குப் பங்கில்லை. இலையோ வானமோ தெரிந்தால் அதுதான் காரணம்.

- ஐ.எஸ்.ஓ.வை (கேமரா ஒளியை உணரும் அளவு) 100-க்கு இறக்கவும். ஷட்டரைக் கேமராவின் ஒத்திசைவு எல்லையான (ஃபிளாஷோடு இணைந்து இயங்கும் மிக வேகமான ஷட்டர்) 1/200 அல்லது 1/250 விநாடிக்கு ஏற்றவும்.
- அதன் பிறகும் தெரிந்தால் வெயிலை மறைக்கவும். தர்மபுரியின் நடுப்பகல் வெயிலில் ஒரு மடங்குப் படத்துக்கு 1/200 போதாது. கூட வந்தவர் குடை பிடிக்கலாம். காலை எட்டு மணிக்குள் வேலையை முடித்துக்கொள்வது அதைவிடச் சுலபம்.
- ஃபிளாஷில் ஹை ஸ்பீடு சிங்க் (அந்த எல்லையைத் தாண்டிய வேகத்திலும் ஃபிளாஷை எரியவைக்கும் வசதி) இயங்கிக்கொண்டிருந்தால் அணைக்கவும். அந்த நிலையில் ஃபிளாஷ் ஒரே வெட்டாக மின்னாமல் தொடர்ச்சியாகத் துடிப்பதால் அசைவை உறையவைக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது.

இருட்டுச் சோதனையில் தேறியும் உருவம் இழுபட்டிருந்தால், ஃபிளாஷ் அதிக வலுவில் எரிகிறது. 1/16 வலுவில் பெரும்பாலான ஃபிளாஷ்களின் ஒளி ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு விநாடிதான் நிற்கும். முழு வலுவில் அது பல மடங்கு நீண்டுவிடும். ஃபிளாஷின் முன் ஒளியை மென்மையாக்க வைக்கும் டிஃப்யூசர் தடிமனாக இருப்பதால்தான் வலுவை ஏற்ற நேர்ந்ததா என்று பார்த்து, ஃபிளாஷின் தலையைச் சிலந்திக்கு அருகே கொண்டுவரவும், ஐ.எஸ்.ஓ.வை 400 வரை ஏற்றி வலுவைக் குறைக்கவும்.

அறிகுறி 4: கண்ணில் வெள்ளைக் கொப்புளம், முதுகில் வெடித்த பளபளப்பு

சிலந்தியின் பெரிய கண் ஒரு குவிந்த கண்ணாடி; உங்கள் விளக்கை அப்படியே திருப்பிக் காட்டிவிடும். ஆகவே கண்ணில் தெரியும் வெள்ளையின் வடிவத்தைப் பார்த்தே கோளாற்றைச் சொல்லிவிடலாம். சிறிய, விளிம்பு வெட்டிய வெள்ளைப் புள்ளி என்றால் டிஃப்யூசர் இல்லை, அல்லது இருந்தும் ஒளி அதன் நடுவில் மட்டும் விழுகிறது. அகன்ற வெண்மையாக இருந்து நடுவில் மட்டும் வெடித்திருந்தால், ஒற்றை அடுக்குப் போதவில்லை. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கருப்பு என்றால் ஃபிளாஷின் தலை சாய்ந்திருக்கிறது.

தோப்புக்குப் போகாமலே இதை வீட்டில் சோதிக்கலாம். சைக்கிள் கடையில் கிடைக்கும் பழைய பால்ரஸ் குண்டு ஒன்றைத் துடைத்து, ஒரு பொட்டு மெழுகின் மேல் ஒட்டி, வழக்கமான தூரத்தில் எடுத்துப் பார்க்கவும். குண்டின் மேல்பாதியை அகன்ற வெண்மை மூடி, அது ஓரங்களில் படிப்படியாகச் சாம்பலாக மங்கினால், அந்த டிஃப்யூசர் சிலந்திக்கும் ஏற்றது. டிஃப்யூசரில் எந்த மாற்றம் செய்தாலும் குண்டை மறுபடி எடுத்து, முந்தைய படத்தோடு வைத்துப் பார்க்கவும்.

மாற்றங்களின் வரிசை இது. முதலில் டிஃப்யூசரை முன்னுக்கு இழுத்து, அதன் விளிம்பு லென்ஸின் முனையைத் தாண்டிச் சிலந்தியின் மேல் கூரைபோல் வரும்படி வைக்கவும். அருகே வந்த சிறிய டிஃப்யூசர், தள்ளி நிற்கும் பெரிய டிஃப்யூசரைவிட மென்மையான ஒளி தரும். அடுத்து, இரண்டாவது அடுக்கு: டி.வி. பெட்டிக்குள் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாளை வளைத்து வெளியேயும், ஒரு பட்டர் பேப்பரை ஃபிளாஷுக்கு அருகில் உள்ளேயும் வைத்து, இரண்டுக்கும் இடையே மூன்று விரற்கடை இடைவெளி விடவும். ஒட்டிக் கிடக்கும் இரண்டு அடுக்குகள் ஓர் அடுக்கின் வேலையைத்தான் செய்யும். அதற்குப் பின்னும் நடுப்பகுதி வெடித்தால், பட்டர் பேப்பரின் நடுவில் ரூபாய் நாணய அளவுக்கு இன்னொரு துண்டை ஒட்டவும். கடையில் விற்கும் டிஃப்யூசர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவை உங்கள் லென்ஸின் நீளத்துக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டவை அல்ல.

தாவும் சிலந்திகளை எடுப்பவர்கள், "படத்துக்குப் படம் கண்ணின் நிறம் மாறுகிறது, ஒயிட் பேலன்ஸ் கெட்டுவிட்டதா?" என்று கேட்பதுண்டு. அது கோளாறே அன்று. முன்னால் உள்ள பெரிய இரு கண்களில் வெளிக்கண்ணாடி அசையாமல் இருக்க, உள்ளேயிருக்கும் விழித்திரைக் குழாய் மட்டும் நகரும். அது உங்களை நோக்கும்போது கண் கருத்தும், வேறு பக்கம் நோக்கும்போது வெளிறியும் தெரியும். கருத்த கண் உள்ள படத்தை வைத்துக்கொள்ளுங்கள். சிலந்தி உங்களையே பார்ப்பதுபோல் இருக்கும்.

அறிகுறி 5: படம் முழுதும் அல்லது பாதி கருப்பு

முழுதும் கருப்பு: மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவில் ஓசையற்ற சைலன்ட் ஷட்டர் இயங்குகிறதா என்று பார்க்கவும், பல கேமராக்களில் அந்த நிலையில் ஃபிளாஷ் எரியாது. பிறகு பேட்டரி, பிறகு ஃபிளாஷின் அடிப்பாகம் கேமராவின் மேலுள்ள ஹாட் ஷூவில் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்பது, பிறகு அங்குள்ள உலோகப் புள்ளிகளில் படிந்த அழுக்கு.

நேர்கோடாக வெட்டிய கருப்புப் பட்டை: ஷட்டர் ஒத்திசைவு எல்லையைத் தாண்டிவிட்டது, 1/160-க்கு இறக்கவும். வளைந்த கருப்பு நிழல்: லென்ஸின் குழலே ஒளியை மறைக்கிறது, டிஃப்யூசரை முன்னுக்குத் தள்ளவும். நான்கு மூலைகளும் கருப்பு: ரேனாக்ஸ் மாட்டிய சூமைக் குறுகிய முனையில் வைத்திருக்கிறீர்கள், 250 மி.மீ. பக்கம் நீட்டவும்.

ஒரு படம் வெளிச்சம், ஒரு படம் இருட்டு என்று மாறி மாறி வந்தால், ஃபிளாஷ் மறுபடி நிரம்புவதற்குள் அழுத்துகிறீர்கள். இராயக்கோட்டைப் பக்கத்துச் சாமந்தித் தோட்டங்களில் வெள்ளைப் பூவின் மேல் வெள்ளை நண்டுச் சிலந்தியை எடுக்கும்போது படம் தொடர்ந்து இருண்டே வந்தால், தானியங்கி அளவீடு வெண்மையைக் கண்டு ஏமாந்திருக்கிறது. ஃபிளாஷை மேனுவலுக்கு மாற்றி 1/16 வலுவிலிருந்து தொடங்கவும். பின்னணி மட்டும் கருப்பு என்றால், சிலந்திக்கு ஒரு சாண் பின்னால் ஓர் இலையைக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும்.

அறிகுறி 6: எடுப்பதற்கு முன்பே திரை இருண்டு கிடக்கிறது, ஃபோகஸ் தெரியவில்லை

மிரர்லெஸ் கேமராக்களில் திரை உங்கள் அமைப்பை அப்படியே காட்ட முயல்கிறது. ஃபிளாஷ் எரியும் என்பது அதற்குத் தெரியாது. கேனானில் எக்ஸ்போஷர் சிமுலேஷனையும், சோனியில் செட்டிங் எஃபெக்டையும் அணைத்தால் திரை உடனே வெளுத்துவிடும். கண்ணாடி உள்ள பழைய கேமராக்களில் சிறிய எல்.இ.டி. டார்ச்சை லென்ஸின் பக்கத்தில் ரப்பர் பேண்டால் கட்டிக்கொள்வதே வழி.

அறிகுறி 7: நெருங்கினால் சிலந்தி ஓடிவிடுகிறது, அல்லது லென்ஸின் மேல் தாவுகிறது

முதலில் உங்கள் நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்கவும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நீங்கள் நெருங்கும் முன்பே நிழல் நெருங்கிவிடும். அடுத்தது மூச்சு. வலையின் நடுவில் தங்கும் கையெழுத்துச் சிலந்தி, தொந்தரவை உணர்ந்தால் வலையையே குலுக்கும். காற்றில்லாத நேரத்தில் வலை ஆடினால் காரணம் நீங்கள்தான். இரண்டடி பின்வாங்கிச் சற்று நேரம் அசையாமல் நின்றால் அது அடங்கிவிடும்.

தாவும் சிலந்தியின் போக்கு இதற்கு நேர்மாறு. அதற்கு ஆவல் அதிகம். லென்ஸின் கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டு அருகே வரும், சில வேளைகளில் டிஃப்யூசரின் மேலேயே ஏறிவிடும். அப்போது ஊதாமல், ஓர் இலையை முன்னால் நீட்டினால் அதன் மேல் தாவிக்கொள்ளும். திரும்பத் திரும்பத் தாவினால் உருப்பெருக்கத்தைக் குறைத்து, தூரத்தைக் கூட்டவும்.

எதற்கும் நிற்காத சிலந்திக்கு நேரத்தை மாற்ற வேண்டும். மார்கழி, தை மாதங்களில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வெயில் ஏறுவதற்கு முன் குளிரில் விறைத்து உட்கார்ந்திருக்கும் சிலந்தி, பத்து மணிக்கு ஓடும் அதே சிலந்திதான். குளிர்பதனப் பெட்டியில் வைத்து விறைக்கவைக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. கால்கள் மடங்கிய அந்தப் படத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். அஞ்செட்டிப் பக்கத்துக் காப்புக்காட்டுக்குள் போய்த்தான் தேட வேண்டும் என்பதும் இல்லை. அங்கே நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும், யானை நடமாடும் இடத்தில் கண்ணைக் கேமராவில் புதைத்துக்கொண்டு தனியாகக் குனிந்திருப்பது அறிவுடைமையன்று. பூச்சிமருந்து தெளிக்காத ஒரு மாந்தோப்பின் வேலியே பல மாதங்களுக்குப் போதும்.

அறிகுறி 8: எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் சாம்பல் புள்ளிகள்

கிரானைட் வேலை நடக்கும் பகுதிகளில் லென்ஸ் மாற்றுபவர்களுக்கு இது தவறாமல் வரும். மேக்ரோவில் மெய்யான துளை மிகச் சிறியதாகிவிடுவதால், மற்றப் படங்களில் தெரியாத தூசியும் இங்கே தெரியும். எஃப் 22-இல் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுக்கவும். லென்ஸை மாற்றி எடுத்தும் புள்ளி அதே இடத்தில் இருந்தால், தூசி சென்சாரின் மேல் இருக்கிறது. கேமராவின் சுத்தப்படுத்தும் வசதியை இயக்கவும். போகாவிட்டால், கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துக் கையால் அழுத்தும் ரப்பர் புளோயரால் ஊதவும். வாயால் ஊதுவதும், டப்பாவில் வரும் அழுத்தக் காற்றை அடிப்பதும் கூடாது. அதற்கும் போகாத புள்ளி ஒட்டிக்கொண்ட புள்ளி. அதைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடலாம். லென்ஸுக்குள் சிலந்தி வலை போன்ற வெண்ணிழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. மழைக்காலம் முடியும்வரை காத்திராமல் உடனே காட்டவும், மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்க வேண்டாம்.

அறிகுறி 9: கேமரா பிழை காட்டி நிற்கிறது, ஃபிளாஷ் சூடேறி நின்றுவிடுகிறது

கேனானில் "எர்ர் 01" என்று வந்தால் கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே தொடர்பு அறுபடுகிறது. டியூப்பைக் கழற்றி லென்ஸை நேரடியாக மாட்டவும். பிழை போய்விட்டால் டியூப்பின் உலோகப் புள்ளிகளே காரணம், உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்கவும். போகவில்லை என்றால் துளையை முழுதும் திறந்து ஒரு படமும், எஃப் 8-இல் ஒரு படமும் எடுக்கவும். திறந்த துளையில் படம் வந்து, எஃப் 8-இல் மட்டும் பிழை வந்தால், துளையை இயக்கும் உட்பகுதியோ அதற்குப் போகும் நாடாக் கம்பியோ பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஃபிளாஷ் தொடர்ந்து எரிந்து சூடேறினால், பேட்டரிகளை எடுத்துவிட்டுக் கால் மணி நேரம் ஆறவிடவும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகளுக்கு மாறினால் நிரம்பும் நேரமும் குறையும். கருகிய வாடை வந்தாலும், பேட்டரி அறை உப்பியிருந்தாலும், உள்ளே விடாமல் கீச்சொலி கேட்டாலும், அதை மறுபடி இயக்கக் கூடாது, திறக்கவும் கூடாது; பேட்டரியை எடுத்த பிறகும் உள்ளிருக்கும் கெபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தேங்கி நிற்கும்.

ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூரும், தர்மபுரிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சேலமும் பழுதுபார்க்க அருகில் உள்ளன. போகும்போது கருவியை மட்டும் எடுத்துச் செல்லாமல், ரூபாய்த் தாள் படத்தையும் வெள்ளைச் சுவர்ப் படத்தையும், திறந்த துளையிலும் எஃப் 8-இலும் எடுத்த படங்களையும் மெமரி கார்டில் மூல வடிவிலேயே கொண்டுபோகவும். அதே டியூப்பையும் பேட்டரியையும் சேர்த்துக் கொடுக்கவும். அங்கே சோதிக்கும்போது ஒழுங்காக வேலை செய்து, வீட்டுக்கு வந்ததும் நின்றுபோகும் கோளாறுகளுக்கு அந்த டியூப்பே காரணமாக இருப்பதுண்டு.